செலக்ட்ரிக் நாட்குறிப்பு

மார்ச் 2, 2025, ஞாயிறு

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் ஐபிஎம் கரெக்டிங் செலக்ட்ரிக் 2 மின்தட்டச்சு ஒன்றை 60 டாலருக்கு வாங்கினேன். 1973-இல் வெளிவந்த இந்த மாதிரி, தவறாக அடித்த எழுத்தை ஒட்டு நாடாவால் தாளிலிருந்து பெயர்த்தெடுத்துவிடும். "நன்றாக ஓடும்" என்றார் விற்றவர். மோட்டார் ஓடியது, எழுத்துதான் விழவில்லை. பேரம் பேச அதுவே போதுமான காரணம் என்றாலும், நான் பேசவில்லை.

மார்ச் 8, சனி

மேல்மூடியைக் கழற்றினேன். பெல்ட் சுழற்றும் நைலான் குடம் (சக்கரத்தின் நடுப்பகுதி) வயதாகி வெடிப்பது இந்த வகையில் அடிக்கடி நேர்வது என்பதால் முதலில் அதைத்தான் விளக்கடித்துப் பார்த்தேன், வெடிப்பில்லை. எழுத்துகள் பொறித்த சிறு உருண்டையான எழுத்துப் பந்தின் பற்களும் முழுதாக இருந்தன.

ஊரில் தட்டச்சு லோயர் தேர்வுக்கு ரெமிங்டன் தட்டச்சுப்பொறியில் பழகியவர்களுக்கு இந்தப் பந்து விசித்திரமாகவே படும். 1961-இல் எலியட் நாய்ஸின் வடிவமைப்பில் முதல் செலக்ட்ரிக் வந்தபோதே எழுத்துக் கம்பிகளும் நகரும் உருளையும் போய்விட்டன. தாள் நின்ற இடத்தில் நிற்க, 88 எழுத்துகள் கொண்ட பந்துதான் வரியோடு நகர்கிறது. ஒரு பாதியில் நான்கு வரிசை, வரிசைக்கு 11 எழுத்து. ஷிப்ட் அழுத்தினால் பந்து அரைச்சுற்று திரும்பி மறுபாதியைக் காட்டும்.

மார்ச் 15, சனி

இன்று முழுவதும் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. மின்தட்டச்சு என்று பெயரே தவிர, மின்சாரம் மோட்டாரைச் சுற்றுவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. எந்த எழுத்து என்ற முடிவு முழுக்க இரும்பின் பொறுப்பு. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு தகடு இருக்கிறது. அதன் முனைப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்துச் சில தாழ்ப்பாள்கள் விடுபடுகின்றன, சில பிடிபடுகின்றன. அந்தச் சிறு சிறு இழுப்புகளை நெம்புகோல் அடுக்கு ஒன்று கூட்டியும் கழித்தும் ஒரே இழுப்பாக்கி, மெல்லிய எஃகு நாடா வழியாகப் பந்துக்கு அனுப்புகிறது. எவ்வளவு சாய்வது என்பதற்கு ஒரு நாடா, எவ்வளவு சுழல்வது என்பதற்கு இன்னொன்று. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்று தேடியபோது, வரிசையாக எஃகுக் குண்டுகள் அடைத்த குழாய் ஒன்று தென்பட்டது. குண்டுகளுக்கிடையே ஒரு தகடு நுழையும் அளவுக்குத்தான் இடம். இரண்டாவது தானாகவே காத்திருக்க வேண்டும். இதை யோசித்தவரை எழுந்து நின்று கும்பிட வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

நோய் பழைய கிரீஸ்தான். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் அது இறுகிப் பசையாகியிருந்தது. மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, சிறு தூரிகையால் கிரீஸைக் கரைக்கும் மினரல் ஸ்பிரிட் தடவி, தண்டைக் கையால் சுழற்றிச் சுழற்றி இளக்கினேன். பிளாஸ்டிக் பகுதிகளில் அது படாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. துடைத்தபின் மெல்லிய எண்ணெய், அதுவும் துளித்துளியாக.

மார்ச் 23, ஞாயிறு

எழுத்து விழுகிறது. ஆனால் சில எழுத்துகளுக்குப் பதிலாக அதே வரிசையில் உள்ள வேறு எழுத்து வருகிறது. சாய்வு சரி, சுழற்சிதான் குறைகிறது என்பதால் ஒரு சுழற்சித் தாழ்ப்பாள் இன்னும் தயங்குகிறது என்று பொருள். அதற்கும் ஸ்பிரிட் போட்டு ஊறவிட்டிருக்கிறேன். ரிப்பனும் ஒட்டு நாடாவும் வாங்கியாயிற்று. பந்து இன்னொன்று வாங்கும்போது 1980-இல் வந்த செலக்ட்ரிக் 3-இன் 96 எழுத்துப் பந்தாக இல்லாமல் பார்க்க வேண்டும். அது இதில் பொருந்தாது.