குழாயில் தண்ணீர் தங்கக் கூடாது

காவேரிப்பட்டணத்தில் 30 வருடமாக மோட்டார், பைப் வேலை பார்க்கிறேன். கிணற்று மோட்டார், கம்ப்ரசர் போர், மாந்தோப்புக்குச் சொட்டுநீர் லைன், எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் குளிரில் குழாய் வெடித்தது என்று எங்கள் பக்கம் யாரும் வந்து கூப்பிட்டதில்லை. மார்கழியில் தளி, ஓசூர் பக்கமெல்லாம் விடியற்காலையில் போர்வையை விட்டு எழவே மனசு வராது, ஆனாலும் தொட்டியில் தண்ணீர் தண்ணீராகத்தான் கிடக்கும். அதனால் 2023 ஏப்ரலில் மிச்சிகனிலிருந்து மகள் போன் செய்து, "அப்பா, நீச்சல் குளத்துல தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கு, ஸ்கிம்மர்ல விரிசல் விட்டிருக்கு" என்றபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

அந்த வீட்டை அவர்கள் வாங்கியது அதற்கு முந்தைய வருடம். வீட்டுக்குப் பின்னால் குளமும் சேர்ந்தே வந்தது. பனிக்காலத்துக்கு முன்னால் மேலே கவரைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். ஸ்கிம்மர் என்பது குளத்தின் ஓரச் சுவரில், தண்ணீர் மட்டத்தில், மிதக்கும் இலை தழையை இழுத்துக்கொள்ளும் வாய். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குக் கீழிருந்து பம்புக்குப் பைப். அந்தப் பெட்டியில் நின்ற தண்ணீர் உறைந்து பெட்டியையே பிளந்துவிட்டது.

தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். 100 லிட்டர் தண்ணீர் 109 லிட்டர் பனிக்கட்டியாகிறது. குளத்தின் மேல்பரப்பில் அது நடந்தால் பெரிய சேதம் இல்லை, பெருக்க மேலே இடம் இருக்கிறது. அடியிலிருக்கும் தண்ணீரும் லேசில் உறையாது, ஏனென்றால் 4 டிகிரி செல்சியஸில்தான் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம், அந்தத் தண்ணீர் கீழே போய்விடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதந்து பனிக்கட்டியாகி நிற்கும். குழாய்க்குள் சிக்கிய தண்ணீருக்குத்தான் போக வழியே இல்லை. பைப், பம்பு, ஃபில்டர், ஹீட்டர், எது பலவீனமோ அது உடையும். குளத்தை மூடுகிற வேலையில் முக்கால் பங்கு இந்தத் தண்ணீரை வெளியே எடுப்பதுதான், கவர் கடைசியில் வருவது.

அந்த வருடம் அக்டோபரில் வீடியோ காலில் நானும் கூட இருந்து செய்தோம். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி, இங்கே இரவு 7.30. அதற்கு முன்பே ஒரு மாதமாக அவளிடம் ஒவ்வொரு வால்வையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எந்த பைப் எங்கே போகிறது என்று நோட்டில் படம் போட்டு வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை செப்டம்பரிலேயே மூடிவிடலாம் என்றார். நான்தான் பொறுக்கச் சொன்னேன். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கி நிலையாக நின்ற பிறகு மூடினால் பாசி பிடிப்பது வெகுவாகக் குறையும், சூடாக இருக்கும்போதே மூடினால் வசந்தத்தில் திறக்கும்போது பச்சைக் குட்டைதான் இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து, அடியில் இருந்த மண்ணை உறிஞ்சி எடுத்து, பி.எச். அளவை 7.4 பக்கம் கொண்டுவந்து, சில நாள் முன்பே குளோரின் தூக்கலாகப் போட்டு, பாசி மருந்தையும் ஊற்றி மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டார்கள்.

அப்புறம் தண்ணீரை ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே அரை அடி இறக்கினோம். "மொத்தமா வெளியேத்திட்டா என்ன மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். அது மட்டும் வேண்டவே வேண்டாம் என்றேன். புதைத்த பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் அடைமழையில் நிலத்தடித் தண்ணீர் அதை மேலே தூக்கிவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீச்சல் குளத்துக்கும் அதே கதிதான். போதாததற்கு இவர்களுடையது வினைல் ஷீட் விரித்த குளம், தண்ணீரின் அழுத்தம் இல்லாமல் குளிரில் கிடந்தால் ஷீட் சுருங்கிக் கிழியும்.

அடுத்ததுதான் முக்கிய வேலை, ஊதுவது. எங்கள் ஊரில் கம்ப்ரசர் போர் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இது உடனே புரியும். காற்றை உள்ளே விட்டுத் தண்ணீரை வெளியே தள்ளுவதுதானே அது. ஆனால் இங்கே அழுத்தம் அதிகம் தேவையில்லை, காற்று நிறைய வர வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசரை வைத்து முழு அழுத்தத்தில் அடித்தால் ஜாயின்ட் விட்டுப்போகும். அங்கே ஈரத்தையும் உறிஞ்சுகிற பெரிய வேக்குவம் கிளீனர் கிடைக்கிறது, அதன் குழாயை ஊதும் பக்கம் மாட்டி பம்பு பக்கமிருந்து ஊதவிட்டோம். ஃபில்டர் தாண்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் இரண்டு வாயில், முதலில் பக்கத்து வாயில் குமிழி வந்தது, தூரத்து வாயில் ஒன்றுமே இல்லை. மகள் கையை விட்டுப் பக்கத்து வாயை ரப்பர் பிளக் போட்டு முறுக்கி அடைத்தாள், உடனே தூரத்து வாய் கொப்பளிக்க ஆரம்பித்தது. அது காற்று மட்டும் வரும்வரை விட்டு, ஊதிக்கொண்டிருக்கும்போதே அடைத்தோம். நிறுத்திவிட்டு அடைத்தால் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறிவிடும், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குளத்தின் அடியில் இருக்கும் வடிகாலுக்குப் பிளக் கிடையாது. நடுக்குளத்தில் பெரிய பெரிய குமிழியாக வந்த நொடியில் மேலே இருக்கும் வால்வை மூடிவிட வேண்டும், உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரை ஏறவிடாது.

ஸ்கிம்மர் ஓட்டையையும் பிளக் போட்டு அடைத்து, பெட்டிக்குள் காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் கொஞ்சம் கூழாங்கல் போட்டு மூடி நிறுத்தி வைத்தோம். மழையிலும் பனியிலும் மட்டம் மறுபடி ஏறி அங்கே உறைந்தால் நசுங்குவது பாட்டிலாக இருக்கட்டும்.

பம்பின் அடியில் இரண்டு பிளக், ஃபில்டர் அடியில் ஒன்று, ஹீட்டரில் ஒன்று, எல்லாவற்றையும் கழற்றி வடியவிட்டு, பம்பின் கூடைக்குள்ளேயே போட்டுவைக்கச் சொன்னேன். கழற்றியதை வேறெங்கோ வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடுவது மோட்டார் வேலையில் சாதாரணமாக நடப்பது. ஊதியும் சந்தேகமாக இருக்கும் லைனுக்கு உறையாத திரவம் ஊற்றுவார்கள். அதற்குப் புரொப்பிலீன் கிளைகால் வகைதான் வாங்க வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம், குளத்துப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

கவர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருந்தேன். பேத்திக்கு அப்போது 4 வயது. முதல் வருடம் போட்டிருந்தது வெறும் தார்ப்பாய், ஓரத்தில் தண்ணீர்ப் பைகள் வைத்து நிறுத்தியது. அதன்மேல் மழைத் தண்ணீர் தேங்கினால் அதுவே ஒரு குளம், குழந்தை மேலே கால் வைத்தால் துணியோடு உள்ளே இழுக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான், என் கூடப் படித்த பையன் ஒருவன் அப்படித்தான் போனான். இந்த விஷயத்தில் செலவைப் பார்க்காதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவரும் மறுபேச்சு பேசவில்லை. சுற்றிலும் தரையில் கொக்கி பதித்து, ஸ்பிரிங் வைத்து இழுத்து மாட்டும் வலைக் கவர் வாங்கினார்கள். தண்ணீர் மேலே தேங்காமல் கீழே வடிந்துவிடும். வேலிக் கதவுக்கும் பூட்டு போட்டார்கள்.

ஜனவரியில் போட்டோ அனுப்பினாள், கவர் மேல் ஒரு அடி பனி, பக்கத்தில் பேத்தி சிவப்புக் குல்லாயோடு. மே மாதம் திறந்த அன்றும் வீடியோ காலில் இருந்தேன். பிளக்குகளை எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டி, பம்பில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டார்கள், ஒரு நிமிடம் காற்றை இழுத்துத் திணறிவிட்டுத் தண்ணீர் பிடித்தது. "ஸ்கிம்மர் பைப் பம்புல சேர்ற இடத்துல கை வெச்சுப் பாரு கண்ணு" என்றேன். தடவிப் பார்த்துவிட்டுக் கையை கேமரா முன்னால் காட்டினாள். காய்ந்துதான் இருந்தது.