ஊர் எல்லையில் நல்வரவுப் பலகை வைப்பதற்குள்

நல்வரவுப் பலகை வைப்பதை எதிர்ப்பவர் யாருமே கிடையாது. சிக்கலே அதில்தான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "நல்ல விஷயம் சார், கண்டிப்பா செய்யுங்க" என்பார்கள். கையெழுத்து மட்டும் அடுத்த அலுவலகத்தில் இருப்பவர் போட வேண்டியதாக இருக்கும். எங்கள் நகரின் நான்கு நுழைவாயில்களில் மூன்றில் இப்போது பலகை நிற்கிறது. இதே வேலையில் இறங்கப்போகிற குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

குழு அமைத்தது, வடிவமைப்புப் போட்டி நடத்தியது, நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டது எல்லாம் சுலபமாகவே முடிந்தன. தீர்மான நகல் கைக்கு வந்ததும் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி இருக்கும். நம்பாதீர்கள்.

தீர்மானம் நகரத்தினுடையது, பலகை நிற்கப்போகும் மண் பெரும்பாலும் நகரத்தினுடையது இல்லை. ஊருக்குள் வரும் பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் வசம் இருக்கும். ஓரத்து மண்ணும் அவர்களுடையதே. அதைத் தாண்டினால் தனியார் நிலம். பொறியியல் பிரிவில் "இடம் எங்களோடது இல்லையே சார், நெடுஞ்சாலையில தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அங்கே போனால், "நகர எல்லைக்குள்ள வருதுன்னா அவங்கதானே பார்க்கணும்?" என்று வந்த வழியே அனுப்பினார்கள். கடைசியில் நில அளவை ஆள் சங்கிலியோடு வந்து அளந்தபோது, கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வரைபடத்தில் இருந்த எல்லைக்கும் தரையில் நட்டிருந்த எல்லைக் கல்லுக்கும் பொருத்தமே இல்லை. கல்லின்படி பார்த்தால், நாங்கள் குறித்த இடம் பக்கத்து ஊராட்சிக்குள் போய்விட்டது.

குழுவில் ஒருவர் லாஸ் வேகாஸை இழுத்தார். பெட்டி வில்லிஸ் வடிவமைத்து 1959இல் வைத்த, உலகமே படம் எடுத்துக்கொள்ளும் அந்த நல்வரவுப் பலகை லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. சில மைல் வெளியே, வேறு நிர்வாகத்தின் கீழ் வரும் இடத்தில் நிற்கிறது. "அவங்களே அப்படித்தான் வச்சிருக்காங்க, நமக்கு என்ன?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது? சரி, நேராகப் பக்கத்து ஊராட்சித் தலைவரையே பார்த்துவிடலாம் என்று போனோம். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "பலகையோட பின்பக்கம் சும்மாதானே இருக்கும்? அதுல எங்க ஊர்ப் பேரைப் போட்டுடுங்க" என்றார். எங்கள் ஊரைவிட்டு வெளியேறுபவர்களுக்கு அது அவர்கள் ஊரின் நல்வரவு. ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை அங்கேயே தட்டச்சு செய்து கொடுத்தார். இந்த மொத்த விவகாரத்தில் கேட்ட அன்றே கிடைத்த ஒரே காகிதம் அதுதான்.

நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் கோப்பைப் பார்த்தவர் வேறு ரகம். நாங்கள் இணைத்திருந்தது பலகையின் வண்ணப்படம்: பின்னால் சூரியோதயம், பக்கத்தில் பூச்செடிகள். அதை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். "சார், இது தரைக்கு மேலே. தரைக்குக் கீழே என்ன இருக்கு?" என்றார். குறுக்குவெட்டு வரைபடம் வேண்டுமாம். அடித்தள ஆழம், சாலை விளிம்பிலிருந்து தூரம், பலகையின் அடி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், காற்றின் அழுத்தத்துக்குக் கணக்கு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கேட்டது நியாயமே. ஆனால் ஒரேயடியாகக் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒன்றைச் சொல்லி அனுப்பினார். வரைபடம் கொண்டுபோனால் கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பம். அதையும் வாங்கிப் போனால் கிலோமீட்டர் கல்லிலிருந்து இடம் எத்தனை மீட்டர் என்ற குறிப்பு.

அங்கே பதிவேடு பார்க்கும் வயதான ஊழியர் ஒருவர்தான் கண் திறந்துவிட்டார். "இதே ரோட்டுல பஸ் நிழற்குடைக்கு அனுமதி கொடுத்த ஃபைல் இருக்கும், அதைப் பார்க்கணும்னு கேளுங்க சார்." கேட்டோம். என்னென்ன காகிதம், எந்த வரிசை, எந்த வாசகம் என்று எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே அடுக்கிக் கொடுத்ததும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். சாலை ஓரத்தில் எதை வைப்பதாக இருந்தாலும் முன்பு ஒப்புதல் வாங்கிய கோப்பு ஒன்றை முதலில் தேடுங்கள்.

போட்டியில் பரிசு வாங்கிய வடிவம் இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவே பலகை. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அதைத் துறைப் பொறியாளர் ஒரே கேள்வியில் உடைத்தார்: ஓட்டுநர் கண் அசந்து வண்டி சாலையைவிட்டு இறங்கினால் அது எதில் மோதும்? சாலை விளிம்பை ஒட்டி அசையாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தாக வேண்டுமானால் மோதினால் அடியில் முறிந்து விழும் கம்பமாகவோ, தடுப்பு வேலிக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். இதற்கு எதிர்வாதம் கிடையாது. தூண் போய் முறியும் இரும்புக் கம்பம் வந்தது. ஆட்கள் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். லாஸ் வேகாஸில் அதற்காகவே 2008இல் தனியாக வாகன நிறுத்தம் கட்ட வேண்டியதாயிற்று. எங்கள் லாஸ் வேகாஸ்காரர் அன்று வாயே திறக்கவில்லை.

அப்புறம் பலகையில் என்ன எழுதுவது என்ற சண்டை. மூத்த உறுப்பினர் ஒருவருக்கு ஊர்ப் பெயர், ஊரின் பெருமை, நகரம் உருவான ஆண்டு, ஒரு வாசகம், நகர்மன்றத் தலைவர் பெயர் எல்லாமே வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். ஐந்து நொடி படிக்கக் கிடைக்க வேண்டும் என்றால் 110 மீட்டர் தூரத்திலேயே எழுத்து தெரிய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தை ஏறக்குறைய நான்கு மீட்டரிலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது தோராயக் கணக்கு. அப்படியானால் எழுத்து 28 சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். அந்த அளவில் அவர் கேட்டதையெல்லாம் எழுதினால் பலகை சினிமாத் திரை அளவுக்குப் போய்விடும். கணக்கு சொன்னால் யார் கேட்கிறார்கள்? அவர் விரும்பியபடியே துணியில் அச்சடித்து, இரண்டு பேர் சாலையோரம் விரித்துப் பிடித்துக்கொள்ள, அவரைக் காரில் ஏற்றி அந்த வழியே ஓட்டிக்கொண்டு போனோம். தாண்டியதும் "என்ன படிச்சீங்க?" என்று கேட்டேன். "ஊர்ப் பேரு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "தலைவர் பேரு எங்கே இருந்துச்சு?" என்று அவரே கேட்டார். அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது.

பணம். எல்லோரும் இதற்குத்தான் பயப்படுவார்கள். பணம் கிடைக்கும், நிபந்தனையோடு கிடைக்கும். பெரிய தொகை தருவதாகச் சொன்ன நிறுவனம் ஊர்ப் பெயர் அளவுக்குத் தங்கள் சின்னமும் வேண்டும் என்றது. சின்னம் ஏறிய நொடியில் அது நல்வரவுப் பலகை இல்லை, விளம்பரப் பலகை. விண்ணப்பம் வேறு, ஆண்டுக் கட்டணம் வேறு; அதைவிட முக்கியம், அந்த இடத்தில் விளம்பரத்துக்கு அனுமதியே இல்லை. துறைகள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. சாலைக் குறியீடுகள் பற்றிய 1968 வியன்னா ஒப்பந்தமே, குறியீட்டோடு குழப்பிக்கொள்ளும்படியோ ஓட்டுநர் கவனத்தை ஆபத்தான விதத்தில் இழுக்கும்படியோ பலகை வைக்கக் கூடாது என்கிறது. சின்னம் முடியாது என்று சொன்னதும் நிறுவனம் நழுவிவிட்டது. அவர்கள் பணத்தை நம்பிப் போட்ட பட்ஜெட் அப்படியே அந்தரத்தில் நின்றது.

கைகொடுத்தது ஹாலிவுட். அங்கே மலைமேல் நிற்கும் எழுத்துகள் 1923இல் வீட்டுமனை விளம்பரமாகத் தொடங்கியவை. இற்றுப்போன அவற்றை 1978இல் புதிதாக அமைத்தபோது ஒன்பது எழுத்துக்கும் ஒன்பது பேர், ஆளுக்கு 27,777 டாலர் வீதம் கொடுத்தார்கள். மலையில் கொடுத்தவர் பெயர் எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. நாங்களும் செலவைத் துண்டு துண்டாகப் பிரித்தோம்: கம்பம் ஒருவர், பலகைத் தகடு ஒருவர், மேலே ஒட்டும் பிரதிபலிப்புத் தாள் ஒருவர். கொடுத்தவர்கள் பெயர்ப் பட்டியல் நகராட்சி அலுவலக வாசலில் ஒரு சிறு கல்வெட்டில். சின்னம் கேட்டவர்கள்கூட இதற்கு ஒப்புக்கொண்டார்கள். அடித்தளத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. "மண்ணுக்குள்ள போறதுக்கு யாரு சார் காசு தருவாங்க?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார் ஒரு கடைக்காரர். அதை நகர்மன்ற நிதியில் சேர்த்தோம். அந்த நிதி நிதியாண்டு முடிந்தால் காலாவதி ஆகிவிடும். ஒப்பந்ததாரரின் பில் அதற்குள் கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே அவர் காதில் போட்டுவையுங்கள்.

செலவில் பலகைத் தகடு ரொம்பச் சின்னப் பங்கு. அடித்தளம், கிரேன் வாடகை, வேலை நடக்கும்போது போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஆட்கள், இவையெல்லாம்தான் பையைக் காலி செய்யும். தகட்டு விலையை மட்டும் விசாரித்து வசூலில் இறங்காதீர்கள். விளக்கு வைக்கும் எண்ணத்தையும் விட்டுவிட்டோம். மின் இணைப்பு யார் பெயரில், மாதாமாதம் பில் யார் கட்டுவது என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்கவில்லை. பிரதிபலிப்புத் தாள் முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பில் கிடையாது.

முதல் குழி தோண்டிய அன்று கடப்பாரை கண்ணாடியிழைக் கம்பிக் குழாயில் பட்டு நின்றது. நல்ல வேளை, உடையவில்லை. எந்த வரைபடத்திலும் அது இல்லை. அந்த நிறுவனத்து ஆள் வந்து பார்த்துச் சொல்லும்வரை கிரேன் சும்மா நின்றது, வாடகை ஓடியது. மண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு மூன்று பேரிடமும் எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகும் கையால் ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்த்துவிட்டே கிரேனுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக வந்து கழுத்தைப் பிடித்தது பராமரிப்பு உறுதிமொழி. யார் கழுவுவது, யார் புல் வெட்டுவது, வண்டி இடித்தால் யார் மாற்றுவது. குழு பதிவு செய்யப்படாத அமைப்பு என்பதால் எங்கள் கையெழுத்து செல்லாது. நகராட்சியோ "நீங்கதானே கேட்டீங்க?" என்றது. மிச்சமிருந்த நன்கொடையைப் பராமரிப்புக்கென்று நகராட்சிக் கணக்கில் வைப்பாகப் போட்ட பிறகுதான் ஆணையர் கையெழுத்திட்டார். வசூலிக்கும்போதே இதற்கு ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். திறப்பு விழாவுக்குக் கொடுப்பவர்கள் புல் வெட்டக் கொடுக்க மாட்டார்கள்.

நான்காவது நுழைவாயிலில் எல்லை ஒரு பாலத்தின் நடுவில் விழுகிறது. பாலங்களுக்குத் தனிப் பிரிவு, தனி அலுவலகம். பாலத்தின் சுமைக் கணக்கைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். நாங்கள் அதற்குப் போவதாக இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நூறு மீட்டர் தள்ளி நகராட்சிப் பூங்காவின் ஓரம் சும்மா கிடக்கிறது. பலகை அங்கே போகிறது.