பிராங்கோஸ்கோபி: எடுத்த துணுக்கு எந்தப் புட்டிக்குப் போகிறது?

சளிப் பரிசோதனையில் டி.பி. கிருமி தெரியவில்லை, சி.டி. ஸ்கேனிலோ நுரையீரலில் கட்டி போல ஒரு நிழல். பிராங்கோஸ்கோபிக்கு, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டுப் பார்த்து, தேவையானால் சதைத் துணுக்கும் எடுக்கும் சோதனைக்கு, எழுதிக் கொடுப்பதற்கு நம் நாட்டில் இது ஒரு முக்கியக் காரணம். அது புற்றா, காசநோயா, பூஞ்சையா என்பதைப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ போகும் குழாயின் தடிமன் 5 முதல் 6 மி.மீ. பெரியவர்களின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 15 முதல் 20 மி.மீ. அகலம் என்பதால், சுற்றிலும் காற்றுப் போக இடம் இருக்கிறது. மூச்சடைத்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருமலை அடக்க லிக்னோகெயின் என்ற மரக்கச் செய்யும் மருந்தைத் தெளித்துக்கொண்டே போவார்கள். ஜெல், ஸ்பிரே, கரைசல் எல்லாம் சேர்த்து எடையில் கிலோவுக்கு 7 மி.கி.க்குள் நிறுத்துவது நல்லது. மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயத்துடிப்பும் தடுமாறலாம்.

கிருமியைத் தேட நுரையீரலின் ஒரு பகுதியைக் கழுவி அந்த நீரை எடுக்கும்போது, குழாயின் நுனியை மூச்சுக்குழலின் ஒரு கிளையில் இறுக்கமாகப் பொருத்தி, சலைனை (உப்புநீர்) 20 முதல் 50 மி.லி. வீதம் மொத்தம் 100 மி.லி.க்குக் குறையாமல் செலுத்தி, மெதுவாக உறிஞ்ச வேண்டும். வேகமாக உறிஞ்சினால் மூச்சுக்கிளை ஒட்டிக்கொண்டு நீர் திரும்பாது. செலுத்தியதில் 30 சதவீதமாவது திரும்பினால்தான் மாதிரி நம்பத்தக்கது.

குழாய் வழியே கண்ணுக்குத் தெரியும் கட்டி என்றால் ஐந்து துணுக்குகளாவது வேண்டும். ஒன்றிரண்டில் வெறும் அழுகிய திசு மட்டுமே வந்திருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுவிட்டால் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்யவே முடியாது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பயாப்ஸி (துணுக்குப் பரிசோதனை) அறிக்கையில் 'கிரானுலோமா' (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்று வந்தால் அது டி.பி.யாகவும் இருக்கலாம், கிருமியால் வராத அழற்சி நோயான சார்காய்டோசிஸாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு ஆறு மாத டி.பி. மருந்து, மற்றதற்கு, சிகிச்சை தேவைப்பட்டால், ஸ்டீராய்டு. டி.பி. இருப்பவருக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் பரவிவிடும். அதனால் ஒரு துணுக்காவது சுத்தமான சலைனில், ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சருக்கும் போக வேண்டும். இதைச் சோதனைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

சாப்பாடு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறவர் துணுக்கு எடுப்பதற்கு 5 முதல் 7 நாள் முன்பு அதை நிறுத்த வேண்டியிருக்கும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்தவே கூடாது.

முடிந்தபின் 2 மணி நேரம் தொண்டை மரத்திருக்கும். அதற்குள் காபி குடித்தால் புரையேறும். அன்று மாலை லேசான காய்ச்சலும், சளியில் ரத்தக் கீற்றும் வரலாம். திடீர் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால், அல்லது ரத்தம் கீற்றாக இல்லாமல் வாய் நிறைய வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால், துணுக்கெடுத்த இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கியிருக்கலாம்.

மறுநாள் காலை வரும் சளியையும் கொட்டிவிடாமல் டி.பி. பரிசோதனைக்குக் கொடுங்கள். கழுவிய நீரில் கிடைக்காத கிருமி சிலருக்கு அதில் கிடைப்பதுண்டு.