வடிகாலை எந்த முனையிலிருந்து வெட்டுவது

2022 தூர்வாரும் பணியில் பொறியாளராக நான் எடுத்த ஒரு முடிவில் மனசு இன்னும் ஒரு பக்கமாக நிற்க மாட்டேன் என்கிறது. பொறியியல்படி அது சரி. இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதை நான் விளக்கியபோது ஒரு விவசாயி சொன்ன பதில் என்னிடமே தங்கிவிட்டது.

சீர்காழிப் பக்கம், வயல்களில் மிஞ்சும் நீரை வெளியேற்றி உப்பனாற்றில் போய்ச் சேர்க்கும் ஒரு வடிகால். ஐந்து கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். பிரிவுக்கு வந்த தொகையில் பாசன வாய்க்கால்களுக்குப் போக, அதில் பாதி நீளத்துக்குத்தான் பணம் மிஞ்சியது. மேல் பாதியா, கீழ் பாதியா? நான் கீழ் பாதியை எஸ்டிமேட்டில் எழுதினேன். வடிகாலை விழும் முனையிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வர வேண்டும். மேலே மட்டும் ஆழப்படுத்தினால் தண்ணீர் வேகமாக இறங்கி, தூர்ந்து கிடக்கும் கீழ்ப் பகுதியில் முட்டி, அங்கே இருக்கிற வயல்களில் ஏறிவிடும். அதுவும் கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் உப்பனாறே வாங்காது.

வேலை விவரப் பலகை நட்டுக்கொண்டிருந்தபோது வடிகாலின் மேல் பாதியில் இருக்கும் மேலூர்க்காரர் ஒருவர் வந்தார். வயது எழுபதுக்கு மேல். பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, "எங்க பக்கம் பொக்லைன் வராதா சார்?" என்றார்.

"கீழே வெட்டாம மேலே வெட்டினா, உங்க தண்ணி கீழூர்க்காரங்க வயல்ல போய் ஏறிடும் ஐயா."

"இத்தனை வருஷமா அது எங்க வயல்லதானே சார் நிக்குது? அவங்க வயல்ல ஏறக் கூடாது, எங்க வயல்ல நின்னா பரவாயில்லையா?"

"அடுத்த வருஷம் உங்க பக்கம்தான்" என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அவர் சொன்னதை லெவல் கணக்காகவே, அதாவது நில மட்டக் கணக்காகவே எழுதலாம். மேல் பாதி தூர்ந்து கிடந்ததால்தான் அங்கே மழைநீர் தேங்கி, கீழே மெதுவாக இறங்கியது. கீழூர் நடவு ஓரளவு தப்பித்து வந்ததற்கு மேலூர் வயல்கள் ஏரி மாதிரி நின்றதும் ஒரு காரணம். எந்த எஸ்டிமேட்டிலும் இதற்கு ஒரு பத்தி கிடையாது. நானும் எழுதவில்லை.

அந்த வருஷம் காவிரி டெல்டா முழுவதும் 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் தூர்வாரும் திட்டம். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வாய்க்காலின் அகலத்துக்கு ஏற்ப இது கூடும், குறையும். ஆனாலும் பணம் பேசுவது நீளத்தைத்தான், ஆழத்தை அல்ல. பாசன வாய்க்காலுக்கு அது ஓரளவு சரிதான், தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்தால் போதும். வடிகாலில் படுகை மட்டம் அரை அடி பிசகினாலும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அடிமட்டத்தைச் சரியாகக் கொண்டுவர ஆகும் செலவை நீளத்தைக் குறைக்காமல் காட்ட முடியாது. நீளம் குறைந்தால் மேலே கேள்வி வரும்.

நேரமும் இடிக்கிறது. பணம் மேட்டூர் திறப்பை ஒட்டி வருகிறது. 2022-ல் வழக்கமான ஜூன் 12-க்குக் காத்திராமல் மே 24-லேயே அணையைத் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. குறுவைக்காரர்களுக்கு நல்ல செய்தி, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வடிகாலுக்கு வேலை வருவது ஐப்பசி, கார்த்திகையில். மே மாதம் வெட்டிக் கரையில் போட்ட, வடிகாலை அடைக்கும் களையான நெய்வேலி காட்டாமணக்குத் தண்டு ஒன்றை ஜூலையில் குனிந்து பார்த்தேன். காய்ந்த மாதிரி கிடந்தது. திருப்பினால் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் இறங்கியிருந்தது, நுனியில் இளம் இலை. சரிந்து தண்ணீரில் விழுந்த தண்டுகள் அங்கேயே புதராகியிருந்தன. செப்டம்பரில் இன்னொரு சுற்று வடிகாலுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினால்தான் இதற்கு வழி உண்டு. கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், குறித்துக்கொண்டார்கள்.

நவம்பர் 11. சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். நூறு வருஷத்துக்கு மேல் அப்படிப் பெய்ததில்லை என்றார்கள். அந்த மழைக்கு நாங்கள் வெட்டும் எந்த வடிகாலும் தாங்காது. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன், உண்மையும் அதுதான். ஆனால் கீழூரில் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிட்டது. மேலூரில் ஒரு வாரம் தாண்டியும் சம்பா மூழ்கிக் கிடந்தது. கணக்கெடுப்புக்குப் போன வேளாண்மைத் துறை நண்பர் ஒரு குத்துப் பயிரைப் பிடித்து இழுத்தார். தூர் அழுகிக் கையோடு வந்தது.

அப்புறம் நிவாரணம். 2021 ஜனவரி மழைக்கு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். கொடுக்க வேண்டிய பணம்தான், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு ஹெக்டேருக்கு, அதாவது இருபது ஏக்கருக்கு அந்தக் கணக்கில் கொடுக்கும் தொகையும், ஒரு கிலோமீட்டர் தூர்வார ஆகும் சராசரித் தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கிலோமீட்டர் வடிகாலை நம்பி இருபது ஏக்கருக்கு மேலேயே வயல் இருக்கிறது. மழைக்குப் பிறகு கிடைக்கும் பணம் மழைக்கு முன்னால் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு கணக்குத் தலைப்பு என்பார்கள். அதுவும் சரிதான். வயல் மட்டும் ஒன்று.

2023-ல் டெல்டாவுக்கு 90 கோடி. சொன்ன வாக்குப்படி மேல் பாதியை எழுதினேன். போன வருஷம் வெட்டிய கீழ் பாதியில் காட்டாமணக்கு மறுபடி அடைத்திருந்ததால் அதையும் சேர்த்துக் கேட்டேன். ஒன்றுக்குத்தான் பணம் வந்தது. கீழிருந்துதான் வெட்ட வேண்டும் என்று நானே விளக்கிய அதே வடிகாலில் மேல் பாதியை வெட்டச் சொன்னேன். கொடுத்த வாக்கு என்பது ஒரு காரணம். ஒரே ஊர் வருஷா வருஷம் தண்ணீரைச் சுமக்கக் கூடாது என்பது இன்னொன்று. லெவல் எடுத்தவன் என்ற முறையில் இரண்டுமே காரணம் ஆகாது. கீழூரிலிருந்து இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டால், 2022-ல் பெரியவரிடம் சொன்னதைச் சொல்லவும் முடியாது, அவர் எனக்குச் சொன்னதை எடுத்துச் சொல்லவும் முடியாது. அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டது நான்தான்.