அது ஆரோட ஓடுது?

1992இல் நான் பத்தாம் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் வகுப்பறைக் கூரையின் கிழக்குப் பக்கத்தில் ஏழெட்டு ஓடுகள் இல்லை. மழை வந்தால் மேசை வாங்குகளை மற்றப் பக்கம் இழுத்துவிட்டுப் படிப்போம். அந்த வகுப்பறையில்தான் எங்கள் ஆங்கில ஆசிரியர் இரண்டு பாடவேளை முழுக்க 'றன்' (run) என்ற ஒரேயொரு சொல்லைப் படிப்பித்தார். பள்ளி மலருக்கு எழுதச் சொல்லிப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த இரண்டு பாடவேளைதான்.

சேரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. வலது காற்சட்டைக் காலில் சைக்கிள் கிளிப்போடேயே வகுப்புக்கு வருபவர் என்றால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்கும்.

வாசிப்புப் பாடத்தில் ஒருவர் சின்னக் கடையொன்றை 'றன்' பண்ணியதாக ஒரு வரி வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் எழும்பி, "அவர் ஒரு சின்னக் கடையை ஓடினார்" என்று மொழிபெயர்த்தான். வகுப்பே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"தம்பி, உம்மட அப்பா மோட்டச் சைக்கிள என்ன செய்யிறவர்?"

"ஓடுறவர், சேர்."

"அது எதில ஓடுது?"

"மண்ணெண்ணெயில, சேர்."

பெற்றோல் கிடைக்காத காலம் அது. நாலைந்து துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். வீதியெல்லாம் அந்தப் புகை மணக்கும். "அப்ப நீர் பிழை சொல்லேல்லை" என்றார் சேர். "மோட்டச் சைக்கிளை ஓடலாமெண்டால் கடையை ஏன் ஓடேலாது எண்டு யோசிச்சிருக்கிறீர். நல்ல யோசனை. ஆனா தமிழில கடையை நடத்திறது." தமிழ்நாட்டில் வண்டியை ஓட்டுவார்கள், நாங்கள்தான் ஓடுகிறோம் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

விரல் நகமளவு வெண்கட்டி. அதால் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'ஓடு', வலப்பக்கம் 'றன்'. தண்ணி ஓடுது, பஸ் ஓடுது, படம் ஓடுது, மூக்கால ஓடுது என்று நாங்கள் சொல்லச் சொல்ல இடப்பக்கம் நிறைந்தது. இதிலெல்லாம் ஆங்கிலமும் எங்களோடு சேர்ந்தே ஓடும் என்றார். பிறகு பிரியும் இடங்களுக்கு வந்தார். புதுச் சீலையை நனைத்தால் எங்களுக்குச் சாயம் போகும், அவர்களுக்குச் சாயம் ஓடும். எங்களுக்குக் காய்ச்சல் காயும், அவர்கள் காய்ச்சலை ஓடுவார்கள். எங்கள் வீட்டில் சவர்க்காரம் முடிந்துபோகும், அவர்கள் வீட்டில் அது 'றன் அவுட்'. அந்தச் சொல் வந்ததும் வகுப்பு உசாராகிவிட்டது. அந்த வருட உலகக் கிண்ணத்தில் சிம்பாப்வேயின் 312ஐ இலங்கை துரத்திப் பிடித்த ஆட்டத்தை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட பெடியள் நாங்கள். ஆட்டமிழந்து போவதற்கும் சவர்க்காரம் தீர்வதற்கும் ஒரே சொல்லா என்று கேட்டோம். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார்கள், பிரித்தானியர் எங்களைப் போல நிற்பார்கள் என்று அவர் சொன்னபோது மணி அடித்துவிட்டது. அடுத்த பாடத்துக்கு வந்த ஆசிரியரிடம் கேட்டு அந்த நேரத்தையும் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள், ஒரு சொல்லைத் தனியப் பிடிச்சு வைச்சுக்கொண்டு கருத்துக் கேளாதேங்கோ. அது ஆரோட ஓடுதெண்டு பாருங்கோ." பிறகு கையை மேலே காட்டினார். "இப்ப நான் சொன்னதுக்குள்ள ரெண்டு ஓடு இருக்கு. மூண்டாவது அங்க இருக்கு." ஓடு இல்லாத இடைவெளியால் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பாடத்தை எழுதி வைத்திருந்த கொப்பியை 1995 ஒக்ரோபர் 30 இரவு விட்டுவிட்டு வந்தேன். போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு. உடுப்பும் அரிசியும்தான் எடுத்தோம்.

லண்டனுக்கு வந்து பல வருடத்தின் பின் ஒருநாள் நூலகத்தில் ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்த்தேன். 20 தொகுதிகள். அதில் மிக நீண்ட பதிவு 'செற்' (set) என்ற சொல்லுக்கு. பிறகு நடந்த திருத்த வேலையில் 'றன்' அதை முந்திவிட்டது. பீற்றர் கிலிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் இருந்து அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 கருத்துகளைப் பிரித்து எடுத்தாராம். லண்டன் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஃபேர்த், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று 1957இல் எழுதியிருப்பதையும் பின்னால் வாசித்தேன். தமிழ் உச்சரிப்பைப் பற்றி 1934இலேயே எழுதியவர் அவர். எங்கள் சேர் அவரைப் படித்திருந்தாரா, தன் பாட்டிலேயே கண்டுபிடித்தாரா என்று கேட்க ஆசையாக இருந்தது. அதற்குள் சேர் ஊரில் காலமாகிவிட்டார்.

எனக்கு இந்தப் பாடம் உதவிய நாளொன்றைச் சொல்ல வேண்டும். பெற்றோல் நிரப்பு நிலையத்தில் காசு மேசையில் நிற்கிறேன். மகளின் நேர்சரியிலிருந்து தொலைபேசி. அந்தப் பெண் வேகமாகப் பேசினார், பாதி விளங்கவில்லை. 'றன்' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது, அதோடு சேர்ந்து 'ரெம்பரேச்சர்'. காய்ச்சல் காயுது. கரும்பலகையின் அந்த வரி அப்படியே கண்முன் நின்றது. இருபது நிமிடத்தில் பிள்ளை என் தோளில் கிடந்தாள். நெற்றி கொதித்தது.

இப்போது சனிக்கிழமைகளில் இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். போன மாதம் பலகையின் நடுவே கோடு போட்டு அதே பாடத்தை எடுத்தேன். "இரவு முழுக்க ஃபிரிட்ஜ் ஓடுது" என்றான் ஒரு பெடியன். "அம்மா கார் ஓடுறா" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்த தமிழ்நாட்டுப் பிள்ளை, "இல்ல, ஓட்டுறாங்க" என்றாள். இரண்டையும் எழுதினேன். கூரை ஓடு மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரையும் யன்னலடிக்குக் கூட்டிப்போய் எதிர்வீட்டைக் காட்டினேன். அந்தக் கூரையில் ஓடு ஒன்றும் குறையவில்லை.