மங்கலத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு

நொய்யல் ஆற்றின் கடைப்பகுதியில் எங்கள் பெரியப்பாவின் தோட்டம் இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓர் இரவு, மும்முனை மின்சாரம் வந்ததும் ஆற்றோரத்து மோட்டாரைப் போட்டுவிட்டு அவர் படுத்துவிட்டார். விடிந்து போய்ப் பார்த்தபோது மஞ்சள் பாத்திகளில் மண்ணின் நிறத்தோடு ஒட்டாத ஒரு சிவப்பு தேங்கி நின்றது. வெயில் ஏறி நீர் சுண்டியதும் பார்களின் ஓரமெல்லாம் உப்புப் பூத்தது. மேலே யார், எப்போது, எவ்வளவு சாயக் கழிவை ஆற்றில் விட்டார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. "இன்ன தண்ணி வருதுன்னு ஒரு சேதி சொல்லியிருந்தா மோட்டார நிறுத்தியிருப்பமே கண்ணு" என்று மட்டும் பெரியப்பா சொன்னார்.

நாடுகளின் எல்லையைக் கடந்து ஓடும் ஆறுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாத்திதான் நினைவுக்கு வருகிறது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயை அணைக்கப் பீய்ச்சிய நீர், கிடங்கிலிருந்த பூச்சிக்கொல்லிகளையும் ஒரு சிவப்புச் சாயத்தையும் கரைத்துக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்க, ஆறு சிவந்தது. விலாங்கு மீன்கள் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் செத்தன. ரைனைக் காப்பதற்கான பன்னாட்டு ஆணையம் 1950 முதலே இருந்தும், கீழேயிருந்த நாடுகளுக்குச் செய்தி சுணங்கியே போய்ச் சேர்ந்தது. பட்ட பிறகுதான் புத்தி வந்தது. 1987இல் ரைன் செயல்திட்டம் வகுக்கப்பட்டது; 1993 முதல் வைல் அம் ரைன் என்ற எல்லை ஊரில் சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் ஒரே கண்காணிப்பு நிலையத்தைச் சேர்ந்து நடத்தி, ஆற்றுநீரை ஓயாமல் சோதித்து வருகின்றன. இருவரும் ஒரே நீரை எடுத்து ஒரே எண்ணைப் பார்ப்பதால், உன் கணக்குப் பொய், என் கணக்கு மெய் என்ற வழக்குக்கே அங்கு வேலையில்லை.

இந்த ஏற்பாடு கொங்கு நாட்டுக்காரர்களுக்கு முற்றிலும் புதிதல்ல. தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தின்படி கேரளத்தின் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் போக வேண்டும். அது மணக்கடவு அணைக்கட்டில் அளக்கப்படுகிறது, இரு மாநில அதிகாரிகளும் அமர்ந்து பேச ஒரு கூட்டு வாரியமும் உண்டு. ஆனால் அங்கே பேசப்படுவதெல்லாம் கன அடிக் கணக்கு. எவ்வளவு நீர் என்று கேட்கப் பழகிய நாம், என்ன நீர் என்று கேட்கப் பழகவில்லை.

அந்தக் கேள்விக்கு நேரத்தோடு விடை கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பாவில் பல நாடுகள் வழியே ஓடும் டான்யூப் ஆற்றின் படுகை காட்டியது. அங்கே 1994இல் சோஃபியா நகரில் கையெழுத்தான உடன்படிக்கையைத் தொடர்ந்து, விபத்து நேர்ந்தால் உடனே கீழ்நாட்டுக்குத் தகவல் அனுப்பும் எச்சரிக்கை மையங்கள் 1997இலேயே இயங்கத் தொடங்கியிருந்தன. 2000 சனவரி 30 இரவு ருமேனியாவின் பாயா மாரே நகரில் ஒரு தங்கச் சுரங்கத்தின் கழிவுக் குட்டை உடைந்து, சயனைடு கலந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் கன மீட்டர் நீர் கிளை ஆறுகள் வழியே ஹங்கேரியின் டிசா ஆற்றுக்குப் போனது. மீன்களை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. ஆயிரம் டன்னுக்கு மேல் செத்தன. ஆனால் நஞ்சுக்கு முன்பாகச் செய்தி வந்து சேர்ந்ததால் டிசாக் கரையிலுள்ள சொல்நோக் நகரம் ஆற்றிலிருந்து குடிநீர் எடுப்பதை நிறுத்திவைத்துக் காத்திருந்தது. மோட்டாரை நிறுத்தியிருப்போமே என்று பெரியப்பா சொன்னதை ஒரு நகரமே செய்து காட்டியது என்று நினைத்துக்கொண்டேன்.

நம் நாட்டு நிலைமை வேறு. பிரம்மபுத்திராவின் வெள்ளக்காலத் தரவுகளைத் தருவதாகச் சீனா 2002இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. திபெத்திலுள்ள மூன்று நிலையங்களின் நீர்மட்டம், வெளியேற்றம், மழையளவு ஆகியவை மட்டுமே அதில் அடக்கம், நீரின் தன்மை பற்றிய பேச்சு இல்லை. டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற எல்லைப் பிணக்கு நடந்த 2017இல் அந்தத் தரவும் வரவில்லை. அதே ஆண்டின் இறுதியில் அருணாசலப் பிரதேசத்தில் பிரம்மபுத்திராவின் மேல்பகுதியான சியாங் ஆறு கறுத்துச் சேறாக ஓடியது. சீனா சுரங்கம் தோண்டுகிறது என்ற பேச்சுதான் முதலில் பரவியது. நிலநடுக்கத்தில் திபெத்து மலைகள் ஆற்றுக்குள் சரிந்தது காரணம் என்று பின்னரே சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு தரவு மீண்டும் வந்தது, 2023இல் ஒப்பந்தக் காலமே முடிந்துபோனது.

சீனாவைக் குறை சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் நீரியல் தரவுகளை நம் அரசின் கொள்கையே இரகசிய வகையில் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. நமக்கு மேலே இருப்பவர் மறைத்தால் கோபம் வருகிறது. நமக்குக் கீழேயும் வங்கதேசம் இருக்கிறது. ஆற்றின் எண்களைப் படை இரகசியம் போலப் பூட்டிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2011 சனவரியில், கழிவைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு ஆறு ஓரளவு தெளிந்தது என்றாலும், பெரியப்பாவின் சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக நீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மானி இன்னும் இருக்கிறது. காலையில் கிணற்று நீரில் அதை முக்கி, வரும் எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவைக்கிறார். திருப்பூருக்கு மேற்கே மங்கலத்தில், நொய்யல் பாலத்துக்கு அருகில், அவருடைய மச்சான் வீடு. முதல் மழை பெய்து ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததும் அங்கிருந்து அழைப்பு வந்துவிடுகிறது: "நொரை கெளம்பிருச்சுங்க மச்சான், மோட்டார நிறுத்தீருங்க."