எனக்கு அலனின் என்று பெயர் வந்த கதை

எங்கள் பிரிவில் படித்தவர்கள் இந்தக் கட்டுரையின் மேலே என் சொந்தப் பெயரைப் பார்த்தால், யார் இது என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள். 'அலனின்' என்று போட்டிருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். இரண்டு பாடவேளைக்குள் ஒட்டிய பெயர், நாற்பது வருடமாகியும் கழரவில்லை. பாடசாலை மலர்க்குழுவில் இருந்து "ஏதாவது ஒரு நினைவை எழுதித் தாருங்கோ" என்று கேட்டபோது, விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் அதிபரின் பிரம்பைப் பற்றியும் எழுதப் பத்துப் பேர் வருவார்கள், நான் இந்தப் பெயரின் கணக்கைத் தீர்த்துவிடுவோம் என்று முடிவுசெய்தேன்.

அன்றைய பாடம் புரதத் தொகுப்பு, அதாவது உயிர்களில் புரதம் கட்டப்படும் விதம். உயிரியல் மாஸ்டர் உள்ளே வந்ததும் ஒன்றும் பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 4 என்று எழுதினார். மற்றப் பக்கம் 20. டி.என்.ஏ.யில் இருப்பது நாலே நாலு எழுத்து: ஏ, டி, ஜி, சி. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களோ இருபது வகை. நாலு எழுத்தை வைத்துக்கொண்டு இருபதுக்கு எப்படிப் பெயர் வைப்பது? ஓரெழுத்துப் பெயர் என்றால் நாலுக்குத்தான் காணும். ஈரெழுத்து என்றால் 16, இன்னும் நாலு குறைகிறது. மூன்றெழுத்து என்றால் 64, தேவைக்கு மேலேயே வந்துவிடுகிறது.

"மிஞ்சினதை என்ன சேர் செய்யிறது?" என்று முன்வாங்கில் இருந்து ஒருவன் கேட்டான். மாஸ்டருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. எதுவும் மிஞ்சவில்லை என்றார். 61 சொற்கள் இருபது பேருக்கும் பங்கு பிரிந்திருக்கின்றன, ஆனால் நீதியாக இல்லை. லூசினுக்கு ஆறு சொல். மெதியோனினுக்கும் டிரிப்டோபனுக்கும் ஆளுக்கு ஒன்றுதான். மீதி மூன்றும் முற்றுப்புள்ளிகள்.

இந்த அகராதியின் முதல் சொல் கிடைத்த கதையையும் சொன்னார். 1961இல் அமெரிக்காவில் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும், யூ என்ற ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ. ஒன்றை (டி.என்.ஏ.யில் இருந்து கலம் எடுக்கும் படிதான் ஆர்.என்.ஏ., அதில் டிக்குப் பதில் யூ), பக்டீரியாக்களை உடைத்து எடுத்த சாற்றுக்குள் விட்டார்கள். உருவான சங்கிலியில் பீனைல்அலனினைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆக, யூயூயூ என்றால் பீனைல்அலனின். அடுத்த ஐந்து வருடத்துக்குள் அகராதி முழுவதும் தெரிந்துவிட்டது. 1968இல் நிரன்பர்க், ஹர் கோவிந்த் குரானா, ராபர்ட் ஹோலி மூவருக்கும் நோபல் பரிசு. அந்த முதற் பரிசோதனையைத் தன் கையால் செய்து முடித்த மத்தாய்க்குப் பரிசு இல்லை. நிரன்பர்க் அப்போது வெளியூர் போயிருந்தார். இந்த இடத்தில் மாஸ்டர் கொஞ்சம் நிறுத்தி எங்களைப் பார்ப்பார். அவருக்கு அது ஆறாத கோபம்.

அப்புறம் தன் குறிப்புக் கொப்பியைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கொப்பி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கறுப்பு மட்டை, முதுகில் துணிப்பட்டை, எத்தனை வருடப் பழசு என்று தெரியாது. யாருக்கும் தரமாட்டார். அவர் வாசிக்க நாங்கள் தாளில் எழுதுவோம், சோதனை முடிந்ததும் அந்தத் தாள்களுக்கு என்ன நடந்தது என்று யாரும் தேடியதில்லை. கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ. இருப்பதும் அப்படித்தான் என்றார். (கலம் என்றால் இன்று பலர் சொல்லும் செல்தான். எங்களுக்குக் கலம் என்றே பழகிவிட்டது.) தேவையான பகுதியை மட்டும் ஒரு நொதியம் (என்சைம்) ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கும். படியில் டி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் யூ வரும். அந்தப் படி கருவை விட்டு வெளியே போய், வேலை முடிய அழிக்கப்பட்டுவிடும். சில படிகளுக்குச் சில நிமிடம், சிலவற்றுக்குச் சில மணி நேரம், அவ்வளவுதான் ஆயுள். கொப்பி அலுமாரியிலேயே இருக்கும்.

சரி, இனி விளையாட்டு.

இரண்டாம் பாடவேளை தொடங்கும்போது மேசைகளை ஒதுக்கி, நடுவில் மூன்று கதிரைகளை வரிசையாகப் போடச் சொன்னார். அதுதான் ரைபோசோம், படியை வாசித்து அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கும் யந்திரம். வகுப்பிலேயே பெரிய ஆட்கள் இருவர் கதிரைகளுக்கு முன்னும் பின்னும் நின்றார்கள். ரைபோசோமுக்குப் பெரிது, சிறிது என்று இரண்டு கூறு உண்டல்லவா, அவர்கள் அந்த இரண்டு கூறுகள். கதிரைகளுக்கு முன்னால் நிலத்தில் ஒரு நீளமான கடதாசிப் பட்டி, அதுதான் ஆர்.என்.ஏ. படி. அதில் கொட்டை எழுத்தில்: ஏயூஜி, ஜிஜிசி, யூஜியூ, ஏஏஜி, ஜிஏஜி, யூஏஏ.

எங்களில் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு அட்டை. அமினோ அமிலத்தைக் காவிவரும் கடத்து ஆர்.என்.ஏ.க்கள் நாங்கள்தான். அட்டையின் அடியில் மூன்று எழுத்து, தலையில் ஒரு சிறு துண்டில் அமினோ அமிலத்தின் பெயர், ஊக்கு ஒன்றால் குத்தியிருந்தது. எல்லாவற்றையும் மாஸ்டரே முதல்நாள் இரவு இருந்து குத்திக்கொண்டு வந்திருந்தார். எனக்குக் கிடைத்த அட்டையின் எழுத்து ஏசிஏ. ஏக்கு எதிரே யூ, ஜிக்கு எதிரே சி என்பதுதான் விதி, ஆகவே என் இடம் பட்டியில் யூஜியூ வரும் இடம். மேலே குத்தியிருந்த பெயரை நான் ஒழுங்காக வாசிக்கவேயில்லை. எப்போது என் முறை வரும் என்ற பதற்றம்.

முதலில் மெதியோனின்காரன் நடுக் கதிரையில் இருந்தான். அடுத்து கிளைசின்காரன் வந்து தன் எழுத்தைப் பட்டியோடு ஒப்பிட்டுக் காட்டிவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்தான். இந்த இடத்தை மாஸ்டர் மூன்று தரம் செய்ய வைத்தார். புதிதாக வருபவன் தன் துண்டைக் கழற்றிப் பழையவனிடம் கொடுப்பான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்படியில்லை. பழையவன் பிடித்திருக்கும் முழுச் சங்கிலியும் அவனிடமிருந்து கழன்று, புதிதாக வந்தவனின் துண்டோடு கோக்கப்படும். பழையவன் வெறுங்கையோடு மூன்றாவது கதிரைக்கு நகர்ந்து, எழும்பிப் போய்விடுவான். பட்டி மூன்று எழுத்து நகரும். சங்கிலி வளர வளர ஒவ்வொரு தரமும் அதன் முழுப் பாரமும் கடைசியாக வந்தவன் கையில். இன்றைக்கும் பாடப்படங்களில் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிப்போகிறவர்களே அதிகம்.

நான் வந்தேன். ஏசிஏயை யூஜியூவுக்கு நேரே பிடித்தேன். ரைபோசோம்காரர் இருவரும் தலையாட்டினார்கள். சங்கிலி என் கைக்கு வந்தது, அடுத்தவனுக்குப் போனது. கடைசியில் யூஏஏ வந்தது. அந்தச் சொல்லுக்கு அட்டை வைத்திருப்பவர் யாருமில்லை. அதற்கென்று நின்ற ஒருவன் (விடுவிக்கும் புரதமாம்) வந்து சங்கிலியைக் கழற்றி மாஸ்டரிடம் கொடுத்தான். ஐந்து அமினோ அமிலம் கோக்க எங்களுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஒரு பக்டீரியாவின் ரைபோசோம் ஒரே வினாடியில் பதினைந்து, இருபது கோத்துவிடும்.

மாஸ்டர் சங்கிலியை உரக்க வாசித்தார். மெதியோனின், கிளைசின், அலனின், லைசின், குளூட்டமிக் அமிலம்.

"அலனினா? பட்டியில அலனினுக்குச் சொல்லே இல்லையே. இது எங்கயிருந்து வந்தது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யூஜியூ என்றால் சிஸ்டீன். என் துண்டில் அலனின் என்று இருந்திருக்கிறது. இடைவேளையில் துண்டுகளைக் கழற்றி விளையாடியிருப்பான் என்று ஒருவன் எடுத்துக்கொடுத்தான். வகுப்பு சிரித்தது. நான் எழும்பி, "சேர், என்ர எழுத்துச் சரிதானே, ரைபோசோம்தானே பார்த்திருக்க வேணும்" என்று கத்தினேன்.

"எழுத்துச் சரி. சுமைதான் பிழை" என்றார் மாஸ்டர். பிறகு எல்லோரையும் பார்த்து, "எழுத்து ஒரு பாஷை, அமினோ அமிலம் இன்னொரு பாஷை. இந்தக் கலத்துக்குள்ள ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆள் ஆர்?"

ரைபோசோம் என்றான் ஒருவன். இல்லை. அது எழுத்தோடு எழுத்துப் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும், மேலே தொங்குவது என்ன என்று பார்க்காது. அப்போ அட்டைக்காரன், அதாவது கடத்து ஆர்.என்.ஏ.? அதுவும் இல்லை. வளைந்த அந்த மூலக்கூறின் ஒரு நுனியில் மூன்று எழுத்து, மற்ற நுனியில் சுமை, இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 7 நானோமீட்டர் இடைவெளி. ஒரு நுனிக்கு மற்ற நுனியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. மணி அடித்துவிட்டது. மாஸ்டர் பதில் சொல்லாமல் போய்விட்டார். நான் வகுப்பை விட்டு வெளியே வருவதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

பதில் அடுத்த நாள் வந்தது. சுமையை ஏற்றிவிடும் நொதியங்கள்தான் அந்த ஆட்கள். பெரும்பாலான உயிர்களில் இருபது அமினோ அமிலத்துக்கும் தனித்தனியாக இருபது நொதியம். ஒவ்வொன்றும் தன் அமினோ அமிலத்தையும் அறியும், அதைக் காவ வேண்டிய ஆர்.என்.ஏ.யையும் அறியும், இரண்டையும் ஒட்டிவிடும். லேசான வேலை இல்லை. ஐசோலூசினும் வேலினும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஐசோலூசினில் ஒரு கார்பனும் இரண்டு ஐதரசனும் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். ஐசோலூசினுக்கான குழிக்குள் அதைவிடச் சின்னதான வேலின் தாராளமாக நுழைந்துவிடும். அதற்காக அந்த நொதியத்தில் இரண்டாவதாக ஒரு குழி இருக்கிறது. வேலின் மட்டும் போகக்கூடிய அளவு. பிழையாக ஏறிய வேலின் அங்கே போய் வெட்டுப்பட்டுவிடும். என் அட்டைக்குத் துண்டு குத்திய நொதியம் எது என்று அன்றைக்கு நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பிற்காலத்தில் நான் வெளிநாட்டில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அரிவாள்செல் நோய்க்கான ஹீமோகுளோபின் பரிசோதனை பல வருடம் என் கையால் நடந்தது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலம். அதில் ஆறாவது இடத்தில் ஜிஏஜி, குளூட்டமிக் அமிலம். நடு எழுத்து மாறி ஜியூஜி ஆனால் அங்கே வேலின் வந்து நிற்கும், அந்த நோய்க்கு வேர் அதுதான். குளூட்டமிக் அமிலத்துக்கு இருந்த மறை (எதிர்) மின்னேற்றம் வேலினுக்கு இல்லை. அதனால் காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும்போது அந்த ஹீமோகுளோபின் பின்தங்கும். இரண்டு வடிவத்தையும் காவுபவரின் இரத்தம் என்றால் சாயம் போட்டதும் தட்டில் இரண்டு கோடு தெரியும், ஒன்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே. அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் இருக்கும் தூரம் ஒரே ஒரு எழுத்து.

என் வகுப்பில் நடந்ததற்கு இது நேர்மாறு. இங்கே சுமை சரி, எழுத்துத்தான் பிழை. எழுத்துப் பிழை கொப்பியிலேயே இருப்பதால் எடுக்கும் ஒவ்வொரு படியிலும் வரும், பிள்ளைக்கும் போகும். சுமைப் பிழை அந்த ஒரு சங்கிலியோடு முடிந்துபோகும். மாஸ்டர் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

அவர் சொன்னதில் ஒன்று பின்னால் மாறிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரைபோசோமில் அமினோ அமிலங்களைப் பிணைப்பது அதிலுள்ள புரதங்கள் என்றுதான் அவர் சொன்னார், புத்தகமும் அப்படித்தான் சொன்னது. 2000ஆம் ஆண்டளவில் ரைபோசோமின் அமைப்பு அணு அணுவாகத் தெரியவந்தபோது, பிணைப்பு நடக்கும் இடத்தைச் சுற்றி இருப்பது ஆர்.என்.ஏ. என்று தெரிந்தது. புரதத்தைச் செய்யும் யந்திரத்தின் நடுவில் புரதம் இல்லை! அந்த அமைப்பு வேலைக்காக 2009இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மற்ற இருவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வேண்டி வந்தது. தயார் பண்ணும்போது 1962இல் ஷாப்வில், லிப்மன் முதலானவர்கள் செய்த ஒரு பரிசோதனையை வாசித்தேன். கடத்து ஆர்.என்.ஏ.யில் ஏறியிருக்கும் சுமையை ரைபோசோம் பார்க்கிறதா இல்லையா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஒரு அமினோ அமிலத்தை அதற்குரிய ஆர்.என்.ஏ.யில் முறைப்படி ஏற்றினார்கள். ஏறிய பிறகு, ஆர்.என்.ஏ.யைத் தொடாமல், நிக்கலைக் கொண்டு அந்த அமினோ அமிலத்தில் இருந்த கந்தகத்தை மட்டும் பிடுங்கிவிட்டார்கள். சுமை வேறொன்றாக மாறிவிட்டது, எழுத்து மட்டும் பழைய எழுத்து. ரைபோசோம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை எடுத்துக் கோத்துவிட்டது.

ஏற்றியது சிஸ்டீன். கந்தகம் போன சிஸ்டீன்தான் அலனின்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையில் அப்படியே இருந்தேன். இருபதில் வேறு எந்த இரண்டையும் மாற்றிக் குத்தியிருக்கலாம். முதல்நாள் இரவு ஐந்து துண்டையும் தன் கையால் குத்தியவர் அவர். பிழை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் திகைப்பே இருக்கவில்லை. வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தபோது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இனிக் கேட்பதற்கும் அவர் இல்லை.

அன்றிரவே, ரைபோசோமின் பெரிய கூறாக நின்றவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் இப்போது வேறு நாட்டில், அங்கே நேரம் விடியற்காலை. முழுக் கதையையும் சொன்னேன். சிஸ்டீன், நிக்கல், கந்தகம், 1962, எல்லாம். துண்டை நான் மாற்றவில்லை என்று இரண்டு தரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கொட்டாவி விட்டான்.

"சரி அலனின்," என்றான், "அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"